தைராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தைராய்டு குறைவு என்று தெரிந்து புதிதாக மாத்திரை ஆரம்பித்தவர்கள், முதல் இரண்டு மாதத்துக்குள் மருந்துக் கடைக்கு வந்து சொல்வது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். நெஞ்சு படபடவென்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை, கை நடுங்குகிறது, முடி கொத்துக் கொத்தாக வருகிறது, எடை மட்டும் அசையாமல் நிற்கிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பயம் தருவது அதற்கு அடுத்து வரும் வார்த்தைகள்: "அதான் ஒரு வாரமா போடலை தம்பி. இப்ப பரவாயில்லை."

அந்த "இப்ப பரவாயில்லை" ஏன் ஏமாற்று வேலை என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

உள்ளே போவது என்ன?

பாட்டிலில் தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்சின். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தயாரிக்கும் டி4 ஹார்மோனும் இதுவும் அமைப்பில் ஒன்றே. சுரப்பி கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் வெளியிலிருந்து கொடுக்கிறோம். அதனால்தான் இந்த மாத்திரையில் வரும் தொந்தரவு பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: அளவு கூடிவிட்டது, அளவு போதவில்லை, இல்லையென்றால் மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்று. மாத்திரையில் சேர்க்கும் நிறமோ, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையோ ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. அது அரிது, கடைசியில் சொல்கிறேன்.

ரத்தத்தில் இருக்கும் லெவோதைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மற்ற பல மாத்திரைகளுக்கு இது மணிக்கணக்குதான். ஒரு வாரம் நிறுத்தியவரின் உடம்பில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. அளவு கூடுதலாக இருந்தவருக்குப் படபடப்பு அடங்கும், உடம்பும் லேசாகத் தெரியும். சோர்வும் மலச்சிக்கலும் முகவீக்கமும் திரும்ப வர மூன்று நான்கு வாரம் ஆகலாம். அதற்குள் மாத்திரையை நிறுத்தியதே மறந்துபோய், "என்னமோ தெரியல, வெயில் ஒத்துக்கல" என்று வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதே கணக்கின் இன்னொரு பக்கம்: பவரைக் கூட்டினாலும் குறைத்தாலும் ரத்தத்தில் அது நிலைக்கு வர ஐந்து ஆறு வாரம் ஆகும். மருத்துவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறியும், கூடினால் இறங்கியும் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பத்தாவது நாளே லேபுக்கு ஓடினால் காசுதான் வீண்.

மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் படபடப்பு வந்தால், அது அன்றைய மாத்திரையின் வேலையாக இருப்பது அரிது. டி4 இவ்வளவு வேகமாக வேலை செய்யாது. வெறும் வயிற்றில் இறங்கிய காபியையோ, "போட்டால் ஏதோ ஆகும்" என்ற பயத்தையோ முதலில் சந்தேகப்படுங்கள். டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை சாப்பிடும் சிலருக்கு மட்டும் இது பொருந்தாது. டி3 வேகமானது.

கூடிவிட்டதா, போதவில்லையா?

அளவு கூடினால் உடம்பு ஓட ஆரம்பிக்கும். உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகம், விரல் நடுக்கம், மற்றவர்கள் போர்வை தேடும் நேரத்தில் உங்களுக்கு மட்டும் வியர்வை, அடிக்கடி பேதி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், பசி இருந்தும் எடை இறங்குவது, மாதவிடாய் குறைவாக வருவது அல்லது தள்ளிப்போவது. அளவு போதாவிட்டால் எல்லாம் மெதுவாகும். விடிந்தும் எழ முடியாத அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், குளிர் தாங்காமை, காலையில் முகம் உப்புவது, மறதி, அதிக உதிரப்போக்கு.

முடி கொட்டுவதும் சோர்வும் தசைவலியும் இரண்டு பக்கமும் வரும். இவற்றை மட்டும் வைத்து எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது. ஆனால் புதியவர்கள் அதிகம் பயப்படுவதும், தாங்களாகவே பவரை மாற்றிக்கொள்வதும் இவற்றுக்காகத்தான்.

அளவே சரியாக இருந்தும் முதல் சில வாரம் லேசான படபடப்பும் தூக்கக் குறைவும் சிலருக்கு வரும். மாதக்கணக்கில் மந்தமாக ஓடிப் பழகிய உடம்பு அது. ஆறாவது வாரத்துக்குள் தானாக அடங்கினால் விட்டுவிடலாம். நாளுக்கு நாள் கூடினால் பரிசோதனை தேதிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

முதலில் காலை வேளையைச் சரிசெய்யுங்கள்

பவரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள்ளேயே கிடக்கிறது.

மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் கூடாது. "எதுவும்" என்பதில் காபியும் அடக்கம். டிபனுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கும் நம் ஆட்களால் காபிக்குப் பத்து நிமிடம்கூடக் காத்திருக்க முடிவதில்லை! கறுப்புக் காபியே மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஃபில்டர் காபியில் பாலும் சேர்ந்துவிடுகிறது. பாலில் கால்சியம், கால்சியம் இந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதே காரணத்துக்காக ராகிக் கஞ்சியையும் சத்துமாவுக் கஞ்சியையும் கவனியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நல்ல உணவுதான், சந்தேகமில்லை. மாத்திரை போட்ட கையோடு ஒரு சொம்பு குடிப்பதுதான் தப்பு. பதினோரு மணிக் கூழாகக் குடித்துக்கொள்ளுங்கள். சோயா மாவு கலந்த புரதப் பவுடருக்கும் இதே விதி.

காலையில் இதெல்லாம் நடக்காத வீடுகள் உண்டு. பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, பஸ் பிடிக்க ஓடுபவரிடம் ஒரு மணி நேரம் காத்திருங்கள் என்பது நியாயமில்லை. அவர்களுக்கு இரவு நல்ல மாற்று. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடலாம். எட்டு மணிக்குச் சாப்பிட்டு, படுக்கும் முன் பால் குடிக்காதவர்களுக்குத்தான் இது சரிப்படும். ரமலான் நோன்பு வைப்பவர்களும் இரவில் படுக்கும் முன்போ, சஹருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்போ போட்டுக்கொள்ளலாம். நேரத்தை மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள், மாற்றிய நேரத்திலேயே நில்லுங்கள். ஒரு நாள் காலை, ஒரு நாள் இரவு என்றால் எந்த ரிப்போர்ட்டுக்கும் அர்த்தம் இருக்காது.

விரத நாட்களில் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்கும் விரதம் என்றால் விட வேண்டிய அவசியமே இல்லை. வெறும் வயிறு இந்த மாத்திரைக்கு வசதிதான்.

ஒரு நாள் மறந்துவிட்டால், அன்றே ஞாபகம் வரும்போது வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைக்கு வழக்கமான ஒன்று போதும். மேலே சொன்ன ஒரு வாரக் கணக்கால், ஒரு மாத்திரை தவறினால் உடம்புக்குத் தெரியக்கூடத் தெரியாது.

பாட்டிலை அடுப்பு மேடையிலும் குளியலறை அலமாரியிலும் வைக்காதீர்கள். சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் இதற்கு ஆகாது. வாரத்துக்கு ஒரு டப்பாவில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டிலுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சிறு பொட்டலமோ குப்பியோ கிடந்தால் அதைத் தூக்கி எறியாமல் அங்கேயே விட்டு மூடுங்கள்.

கூடவே போகும் மாத்திரைகள்

எங்கள் கடைக்கு வரும் ஓர் அம்மா, காலை மாத்திரைகள் என்று ஒரு பழைய பிளாஸ்டிக் கவரைக் காட்டினார். ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைத்திருந்தார். உள்ளே தைராய்டு பாட்டில், கேஸ் மாத்திரை ஓர் அட்டை, மூட்டுவலிக்காக எழுதிக்கொடுத்த கால்சியம் ஓர் அட்டை.

"இதெல்லாம் எப்ப போடுறீங்கம்மா?"

"காலைல மூணையும் ஒண்ணா வாயில போட்டுக்கிட்டுக் காபியைக் குடிச்சிருவேன் தம்பி. தனித்தனியா யாரு போட்டுக்கிட்டு இருக்கிறது?"

அவருடைய பழைய சீட்டுகளைப் பார்த்தால் 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து, 75 ஆகி, 100-க்கு வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் டி.எஸ்.எச். இறங்காததால் கூட்டியிருக்கிறார்கள். கால்சியமும் காபியும் சேர்ந்து தின்ற பங்கு யாருக்கும் தெரியாது. இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம். பேத்தி சொல்லிக்கொடுத்து, கால்சியத்தை மதியத்துக்கும் காபியை ஏழு மணிக்கும் தள்ளினார். சரியான வேலைதான். ஆனால் இதுவரை பாதி மட்டுமே போய்க்கொண்டிருந்த 100 முழுதாக உள்ளே போக ஆரம்பித்தது. அடுத்த மாதம் படபடப்பு, தூக்கமின்மை, பேதி. "ஒழுங்கா போட ஆரம்பிச்சதும்தான் ஒத்துக்காம போச்சு" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், பேத்தி சொன்னதும் உண்மைதான். குறைக்க வேண்டியது பவரை.

ஆகவே, பழக்கத்தைத் திருத்தும்போது அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனைக்கும் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். தவறாகப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இடைவெளிக் கணக்கு சுலபம். கால்சியம், இரும்புச் சத்து, இவை சேர்ந்த மல்டிவைட்டமின், ஜெலுசில் டைஜீன் போன்ற அமில முறிவு மருந்துகள் எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேரம் விடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இதுதான். மதியம் அல்லது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று பழக்கிக்கொண்டால் மறக்காது. பான்டோபிரசோல் மாதிரியான கேஸ் மாத்திரைகள் வேறு ரகம். அவை வயிற்றின் அமிலத்தையே நாள் முழுக்கக் குறைப்பதால், நேரத்தைத் தள்ளி வைத்து முழுதாகத் தப்பிக்க முடியாது. தேவையென்றால் சாப்பிடத்தான் வேண்டும், அதற்கேற்ப டி.எஸ்.எச். பார்த்துப் பவரைச் சரிசெய்வார்கள். ஆனால் "எதுக்கும் இருக்கட்டும்" என்று வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்குபவர்கள், அது இன்னும் வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டு வைக்கலாம்.

வேறு சில மருந்துகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் ஒன்றுக்கொன்று கணக்கு உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எல்லாம் லெவோதைராக்சின் தேவையைக் கூட்டலாம். மறுபக்கம், தைராய்டு சரியாகி வரும்போது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வேலை பலமாகும், ரத்தம் அதிகம் இளகும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் தேவை கூடலாம். இவற்றில் ஏதாவது சாப்பிடுபவர்கள் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் சொல்லத் தெரிய வேண்டியதில்லை, அட்டை பேசும்.

மாத்திரை மேல் பழி விழும் வேறு சமாச்சாரங்கள்

சளி ஜுரத்துக்குக் கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரினும் காஃபீனும் இருக்கும். இரண்டுமே நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரும் அப்படித்தான், கையும் நடுங்கும். கொழுப்புக்கான ஸ்டாடின் மாத்திரை தசைவலி தருவது தைராய்டு சரியாகாத உடம்பில் இன்னும் அதிகம்.

எல்லாவற்றையும் விட நம் ஊரில் பெரிய குற்றவாளி ரத்தசோகை. படபடப்பு, மூச்சிரைப்பு, முடி கொட்டுவது, அசதி என எல்லாமே தைராய்டு மாதிரியே இருக்கும். டி.எஸ்.எச். நன்றாக இருந்தும் இவை தீரவில்லை என்றால், பவரைக் கூட்டச் சொல்லி மல்லுக்கட்டாமல் ஹீமோகுளோபினையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும், பி12-ஐயும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்து வெக்கையும் வியர்வையும் அச்சு அசலாக அளவு கூடியது போலவே தெரியும். பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனைதான் வழி.

ஒரு நோட்டு போடுங்கள்

பிள்ளைகளின் பழைய நோட்டில் மீதிப் பக்கம் போதும். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"3-ஆம் தேதி. மாத்திரை 6.10. காபி 7.15. நாடி 92. தூக்கம் 4 மணி நேரம், 2 மணிக்கு விழிப்பு. பேதி 2. கால்சியம் மதியம்."

நாடி பார்ப்பது கஷ்டமில்லை. எழுந்ததும், காபிக்கு முன், ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் மற்ற கையின் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை வழக்கம். எண்ணை மட்டும் பார்க்காமல் தாளத்தையும் கவனியுங்கள். துடிப்பு விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் வந்தால் அதையும் எழுதி வையுங்கள், அது எண்ணைவிட முக்கியம். மருத்துவர் அறையில் கிடைக்கும் சில நிமிடத்தில் "எப்பவும் படபடப்பா இருக்கு சார்" என்பதைவிட "மூணு வாரமா காலைல நாடி 90-க்கு மேல" என்பது நிறைய வேலை செய்யும்.

ரத்தம் கொடுக்கும் நாள்

ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில், அன்றைய மாத்திரையைப் போடும் முன் கொடுங்கள். மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். முடிந்தவரை ஒரே லேப் நல்லது.

ஒரு மாதம் ஏனோதானோ என்று போட்டுவிட்டு, டெஸ்ட்டுக்கு முந்தைய வாரம் மட்டும் தவறாமல் விழுங்குபவர்களை ரிப்போர்ட் காட்டிக்கொடுத்துவிடும். டி4 சரியாக இருக்கும், டி.எஸ்.எச். மட்டும் ஏறி நிற்கும். மருத்துவருக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம் வரும்.

இதைவிட மோசமான பொறி பயோட்டின் என்ற வைட்டமின். தைராய்டால் முடி கொட்டுகிறது. முடிக்காகப் பக்கத்து வீட்டில் யாரோ சொன்ன பயோட்டின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று சீட்டே இல்லாமல் கிடைக்கிறது. பல லேப் கருவிகள் ஹார்மோனை அளக்கப் பயன்படுத்தும் முறையே பயோட்டினை நம்பி இருப்பதால், ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் கணக்கு கெட்டுப்போகும். டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டலாம். பார்ப்பவர்களுக்கு அளவு கூடிவிட்டது போலத் தெரியும். பவரைக் குறைப்பார்கள். உண்மையில் சரியாக இருந்த தைராய்டு இப்போது நிஜமாகவே குறையும், முடி இன்னும் கொட்டும், பயோட்டின் இன்னொரு அட்டை. ரத்தம் கொடுக்கக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அதிக அளவில் சாப்பிடுபவர்கள் எத்தனை நாள் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிக்கான மல்டிவைட்டமின் அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள், பெரும்பாலும் உள்ளே இருக்கும்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

"ஒத்துக்கல, வேற மாத்திரை குடுங்க" என்பது அவருக்கு உதவாது. வேறு மாத்திரை என்று போனாலும் உள்ளே அதே லெவோதைராக்சின்தான். அவர் கையில் இருக்கும் வழிகள் வேறு. 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் குறைக்கலாம். ஒரேயடியாகக் கூட்டாமல் மெல்ல ஏற்றலாம். 75 போதாமல் 100 அதிகமானால் நடுவில் 88 இருக்கிறது. மாத்திரையை நகத்தால் உடைத்துப் பாதி, முக்கால் என்று கணக்குப் போடுவதைவிடக் கடையில் கிடைக்கும் பவரையே எழுதி வாங்குவது நல்லது. பாதி உடைத்தால் இரண்டு துண்டும் சமமாக இருக்காது, இங்கே பேச்சே மைக்ரோகிராமில்.

முழு அளவு தேவைப்படுபவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது மருத்துவர்கள் மனதில் வைத்திருக்கும் தோராயம். 60 கிலோ எடைக்கு 100-ஐ ஒட்டி வரும். வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்களுக்கு அப்படி ஆரம்பிக்க மாட்டார்கள். 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். திடீரென்று வேகம் எடுத்தால் இதயம் தாங்காது. உங்கள் மாமியாருக்கு 25, உங்களுக்கு 100 என்பதால் உங்கள் நோய் நான்கு மடங்கு என்று அர்த்தமில்லை. அவருடைய பாட்டிலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

கடையில் கம்பெனியை மாற்றிக் கொடுத்தால் பில்லோடு நிற்காமல் பாட்டிலையும் பாருங்கள். ஒரே பவராக இருந்தாலும் கம்பெனி மாறும்போது உடம்புக்குள் போகும் அளவு சிறிது மாறலாம். ஒத்துப்போகும் கம்பெனியிலேயே தொடருங்கள். மாற்ற வேண்டி வந்தால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான ஜெனெரிக் வாங்குவதில் தவறே இல்லை, மாதம் ஒன்றாக மாற்றுவதில்தான் தவறு.

முடி, எடை, கிட்னி

அதிகம் பேர் கேட்கும் மூன்றும் இவைதான்.

மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதத்தில் முடி கொட்டுவது கூடலாம். அது தற்காலிகம். உதிர முடிவெடுத்துவிட்ட பழைய முடி விழுந்து புதிது முளைக்க மாதக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில்தான் ஆயிரம் எண்ணெயும் விற்பனையாகின்றன.

எடை விஷயத்தில் ஆசை பெரிது, கணக்கு சிறிது. தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரைதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். மாத்திரை அதை இறக்கும். மீதி பத்து கிலோ அதன் வேலை இல்லை. இளைப்பதற்காகத் தாங்களாகவே இரண்டு மாத்திரை போடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அளவு கூடி டி.எஸ்.எச். மிகவும் அமுங்கிக் கிடந்தால், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். படபடப்பு இல்லாமலேயேகூட இது நடக்கும். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மட்டும் டி.எஸ்.எச்.-ஐ வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருப்பார்கள். அவர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தாங்களாகக் குறைத்துவிடக் கூடாது.

"வாழ்நாள் முழுக்க மாத்திரை போட்டா கிட்னி போயிடாதா?" போகாது. சிகிச்சை எடுக்காத தைராய்டு குறைவில்தான், கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவது உண்டு, மாத்திரையால் அது இறங்கவும் செய்யும். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு அறவே சுரக்காத ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஆரம்பித்தார். அளவு அறிய நல்ல பரிசோதனை எதுவும் இல்லாத காலம். அந்தப் பெண் இன்னும் 28 வருடம் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். நமக்கு மைக்ரோகிராம் கணக்கில் மாத்திரையும், தெருவுக்கு ஒரு லேபும் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் "தைராய்டை வேரோடு அறுக்கும்" பொடிகளை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கடற்பாசி, அயோடின் சொட்டு என்று தாங்களாகச் சேர்ப்பதும் வேண்டாம். சுரப்பியைச் சொந்த உடம்பே தாக்குவதால் வந்த குறைவில் அதிக அயோடின் நிலைமையை மோசமாக்கலாம்.

கர்ப்பம் தரித்தால்

நாள் தள்ளிப்போய், டெஸ்ட்டில் உறுதியானதும் அதே வாரம் மருத்துவரிடம் போங்கள். "மாசமா இருக்கும்போது மாத்திரை வேண்டாம்" என்று பெரியவர்கள் சொன்னாலும் இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் ஹார்மோனையே நம்பி இருக்கிறது. பொதுவாக அளவை 25 முதல் 30 சதவீதம் வரை கூட்ட வேண்டிவரும். பிள்ளை பெற்றதும் பழைய அளவுக்கு இறக்குவார்கள். இறக்க மறந்து, தூக்கமின்மைக்கும் படபடப்புக்கும் கைக்குழந்தைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டு, பிறகு பாலும் சுரக்காமல், மாதவிடாயும் வராமல் போனவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் தைராய்டு மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம். அவர்களுக்கு அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனும் குறைந்திருக்கலாம். அதை முதலில் சரிசெய்யாமல் தைராய்டை மட்டும் ஏற்றினால் ஆபத்து.

காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஓய்விலும் அடங்காத அல்லது தாளம் தப்பிய வேகத் துடிப்பு, மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு விடாத தலைவலியோடு பார்வை மங்கினால் அன்றே காட்டுங்கள். மாத்திரையை வெகுநாள் விட்டுவிட்ட வயதானவர் ஜில்லிட்டுப்போய், தூக்கக் கலக்கத்திலேயே இருந்து, பேச்சுக் குழறினால் "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். அதுவும் 108-தான். சிறு பிள்ளை பாட்டிலைத் திறந்து விழுங்கிவிட்டால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விளைவு நாட்கள் கழித்துத்தான் தெரிய ஆரம்பிக்கும்.

நிஜமாகவே ஒத்துக்கொள்ளாவிட்டால்

தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம் வந்தால் மாத்திரையோடு சேர்ந்த நிறமோ வேறு சேர்மானமோ காரணமாக இருக்கலாம். முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு முட்டினால் அதுவும் அவசரம்தான். லேசான அரிப்பு என்றால் மருத்துவர் நிறமில்லாத பவரையோ வேறு கம்பெனியையோ எழுதித் தருவார். பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பலும் பேதியும் வந்தால் லாக்டோஸ் இல்லாத மாத்திரை கிடைக்குமா என்று கேட்கலாம். ஆனால் ஒரு மாத்திரையில் உள்ள லாக்டோஸ் மிகக் கொஞ்சம். தினமும் காபிக்குப் பால் ஊற்றிக் குடிப்பவருக்கு அது காரணமாக இருக்காது.

பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டும் அதில்தான் இருக்கின்றன. காஜியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா கமிஷன் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளிகளே நேரடியாகச் சொல்லலாம், மருத்துவர் மூலம்தான் போக வேண்டும் என்பதில்லை. என்ன பெயர், எத்தனை பவர், எப்போது ஆரம்பித்தீர்கள், எப்போது தொந்தரவு வந்தது, கூட என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.